கேட்காமல் வந்த பெட்டி

"ஏதாவது கேட்கணும்னா இப்பவே கேட்டுடுங்க," என்றாள் மனைவி.

"என்ன கேட்கணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கேட்கப் போறது நீங்கதானே."

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஒரு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும் நடுவில் இருக்க, இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். பல்செட்டுக்காரர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மனைவி பெட்டியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இஸ்திரிப் பெட்டியை எங்க வெச்சிருக்கே?"

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அலமாரிக்கு மேல, வலது பக்கம்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இஸ்திரிப் பெட்டி அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

அவர் பல்செட்டு கட்டுகிறவர். ஒரு பல் டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்புறம், நீளமான ஒரு சின்ன அறையில் வேலை. மூன்று பக்கமும் அலமாரி, அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். எல்லாம் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். மெழுகை உருக்கி, பல்லை வரிசையாக அதில் பதித்து, மேல் தாடையும் கீழ்த் தாடையும் சண்டை போடாமல் உட்காரும்வரை தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் கட்டின செட்டைப் போட்டுக்கொண்டவர்கள் மாப்பிள்ளையிடம் பேசினார்கள், மேலதிகாரியிடம் பேசினார்கள், பல வருஷம் பேசாமலிருந்த பங்காளியிடம்கூடப் பேசினார்கள். அவர் மட்டும் பேசவில்லை. அவருக்குச் சொந்தப் பல் முப்பத்திரண்டும் கல் மாதிரி இருந்தது.

மனைவி வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். வீட்டுக் கடனை அடைக்கத்தான் போனாள். கடன் நாலாவது வருஷமே அடைந்துவிட்டது. வேலை இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரே பேச்சு.

"புது ஒப்பந்தம் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடட்டுமா?"

"உன் இஷ்டம்மா."

அந்தப் பக்கத்திலிருந்து, "சரி, போட்டுடறேன்," என்று வரும்.

கடன் அடைந்த நாளிலிருந்தே, திரும்பி வந்துவிடு என்று அவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் சம்பாதிக்கிற மனுஷியை வா என்று எப்படிக் கேட்பது, அது சுயநலம் இல்லையா என்று நினைத்தார். 'உன் இஷ்டம்' என்பதுதான் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்ச மரியாதை என்பது அவர் கட்சி. அந்த மரியாதை அந்தப் பக்கம் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று அவர் விசாரித்ததில்லை.

போன மாதம் ஐந்தாவது ஒப்பந்தம் வந்தது. "அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம்," என்றாள்.

"உன் இஷ்டம்மா."

"சரி. ஒரு பெட்டி அனுப்பியிருக்கேன். வந்தா எடுத்து வைங்க."

"என்ன பெட்டி?"

"பார்த்தாத் தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

பெட்டிக்கு முன்னால் கடிதம் வந்தது. அனுப்பியது, வெளிநாட்டு உறவினரிடமிருந்து பெறப்படும் அன்பளிப்பு மற்றும் வாரிசுப் பொருள்களுக்கான வரித்துறை. பெட்டி தங்கள் கிடங்கில் நலமாக இருப்பதாகவும், அதன் உறவினர் என்று சொல்லிக்கொள்பவர் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து தன் நிலையை விளக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

அந்த அலுவலகம் நாலு மாடிக் கட்டடம். வாசலிலேயே பெரிய பலகை: 'இங்கு யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.' அதன் கீழே ஒரு தகர மேசையும், குடையும், மனு எழுதித்தரும் அம்மாவும்.

"முதல் தடவையா?" என்றார் அந்த அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "'கேட்கவில்லை' படிவம் மூணு பிரதி. சாதாரணமா எழுதினா ஒரு ரேட்டு. உருக்கமா எழுதினா ஒரு ரேட்டு."

"நிஜமாவே கேட்கலீங்க."

"அப்படின்னா உருக்கமா எழுதணும். நிஜத்தை நம்ப வைக்கிறதுதான் கஷ்டம்."

மூன்றாம் நம்பர் கவுண்டருக்கு வரிசை படிக்கட்டு வரை நின்றது. அவருக்கு முன்னால் நின்றவருக்கு வெளிநாட்டில் செத்துப்போன பெரியப்பா ஒரு வீட்டை எழுதி வைத்திருந்தார். அதற்கும் முன்னால் நின்ற பெண் சுவரைப் பார்த்து, "அண்ணனா ஆசைப்பட்டு அனுப்பிச்சான், எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்று ஏழெட்டுக் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது குரல் நன்றாக இருப்பதாகப் பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள்.

பெரியப்பாவின் வாரிசு கவுண்டருக்குப் போனார்.

"வீடு எழுதி வைங்கன்னு நீங்க கேட்டீங்களா?" என்றாள் கவுண்டர் அம்மாள்.

"இல்லைங்க. அவரே எழுதியிருக்கார்."

"அதை அவர் வந்து சொல்லணும்."

"அவர் செத்துப்போயிட்டாருங்க. அதனாலதானே வீடு."

"சரி, நேர்ல வர முடியாது, புரியுது. நாங்களும் மனுஷங்கதான். வர முடியாத காரணத்தை அவர் கைப்பட எழுதி ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க, போதும்."

அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். எங்கே போய் வாங்குவார் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில்தான் பலகை இருந்ததே.

"அனுப்பினது யாரு?" என்றாள் கவுண்டர் அம்மாள், பல்செட்டுக்காரரிடம்.

"என் மனைவி."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "மனைவின்னா கொஞ்சம் சிரமம் சார். ஒண்ணுவிட்ட சித்தப்பான்னா இன்னிக்கே முடிச்சுடலாம்."

"ஏம்மா?"

"ஒண்ணுவிட்ட சித்தப்பாகிட்ட யாரு என்ன கேட்கப் போறா? உலகத்துல அதிகமா கேட்டுக்கிறது புருஷனும் பொண்டாட்டியும்தான். அதனால அவங்களுக்குத் தனிப் பரிசோதனை." அவள் கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். "சட்டம் ரொம்ப எளிமை. கேட்காம வந்தா அன்பளிப்பு, வரி கிடையாது. கேட்டு வந்தா வருமானம். கேட்டதை மறைச்சா அபராதம், பொருள் ஏலம். நீங்க கேட்டீங்களா?"

"இல்லை."

"ஜாடையா?"

"ஜாடைன்னா?"

"'இங்க வெயில் தாங்கலை'ன்னா அது ஏசி. 'பக்கத்து வீட்ல பெரிய டிவி வந்திருக்கு'ன்னா அது டிவி. 'நீ நல்லா இருந்தா அதுவே போதும்'னா, அது குறைஞ்சது ஒரு கைக்கடிகாரம். போன்ல பெருமூச்சு ஏதாவது?"

பல்செட்டுக்காரர் நேர்மையாக யோசித்தார். "ஒரு தடவை இருமினேன்."

"எழுதிக்கிறேன். இருமல், ஒன்று. அதுக்கப்புறம் மருந்து வந்துதா?"

"வரலை."

"அப்ப அது வெறும் இருமல்தான். இந்த எட்டு வருஷத்துல ஒரு சோப்பு, ஒரு சென்ட்டு, ஒரு டார்ச் லைட்டு?"

"எதுவும் கேட்டதில்லைம்மா. ஏதாவது வேணுமான்னு வாரா வாரம் அவ கேட்பா. ஒண்ணும் வேணாம்னு சொல்லுவேன்."

கவுண்டர் அம்மாள் அவரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம், "இங்க வாங்களேன், இவரைப் பாருங்களேன்," என்றாள். நாலைந்து பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் கையில் டிபன் பாக்ஸ் மூடியோடு வந்திருந்தார்.

மறுநாள் கிடங்கில் பெட்டியைத் திறந்தார்கள். கிடங்கு மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர், காதில் பென்சில். ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தூக்கிப் பிடித்து, உரக்கச் சொல்லிவிட்டு எழுதினார்.

"கம்பளிக் கோட்டு, சாம்பல் கலர், ஒண்ணு. பொத்தான் ஒண்ணு மாத்தித் தெச்சிருக்கு. பாக்கெட்டுல பஸ் டிக்கெட்டு. தலையணை ஒண்ணு, நடுவுல பள்ளம். கண்ணாடி, முகம் பார்க்கிறது, ஒண்ணு. ஊசி நூல் டப்பா. அலாரம் கடிகாரம், அஞ்சு மணிக்கு வெச்சிருக்கு." அவர் நிறுத்தினார். "என்ன சார் எல்லாம் பழசா இருக்கு? அன்பளிப்புன்னா புதுசா இருக்கணும். பழசுன்னா உணர்ச்சிப் பொருள். அதுக்குப் படிவம் வேற."

பல்செட்டுக்காரர் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் மாற்றித் தைத்த நூல் கறுப்பு, கோட்டு சாம்பல். கறுப்பு நூல் இருந்தால் அவள் வேறு நூல் தேடமாட்டாள்.

"தலைவலித் தைலம், பாதி. லேடீஸ் செருப்பு, ஒரு ஜோடி." மேற்பார்வையாளர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "இடது குதிகால் மட்டும் தேய்ஞ்சிருக்கு. உங்களுக்கு எதுக்கு சார் லேடீஸ் செருப்பு?"

இடது காலை அழுத்தித்தான் நடப்பாள். பாத்ரூமிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து வாசலுக்கு அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டே அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவார். அந்தச் சத்தம் இல்லாமல் வீடு எட்டு வருஷமாக ஒரே மாதிரி இருந்தது.

"யாரோ குடியிருந்த ரூமைக் காலி பண்ணின மாதிரி இருக்கே," என்றார் மேற்பார்வையாளர். "வீட்டம்மா திரும்பி வர்றாங்களா?"

"தெரியலையே."

"வர்றாங்கன்னா இது அன்பளிப்பே இல்லை சார், நாடு திரும்புவோர் உடைமை. ரெண்டாவது மாடி. ஆனா அதுக்கு அவங்க வந்திருக்கணும். வராம வந்த பெட்டி எங்க கணக்கு. வர்றாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்களேன்." சொன்ன உடனே அவர் முகம் வெளுத்தது. காதிலிருந்து பென்சில் விழுந்தது. "வேணாம் சார், கேட்டுடாதீங்க. நான் அப்படிச் சொன்னேன்னும் சொல்லாதீங்க. வர்றியான்னு கேட்டீங்கன்னா, இதெல்லாம் கேட்டு வந்ததா ஆயிடும். இந்தத் தலையணையை ஏலத்துல நானேதான் கூவணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"பெட்டி வந்துதா?"

"வந்துது. பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

அவர் வாயைத் திறந்தார். தலையணையின் நடுப்பள்ளம் நினைவுக்கு வந்தது. அதை யாரோ ஏலம் எடுத்து, தலை வைத்துப் படுப்பது நினைவுக்கு வந்தது. "பத்திரமா இருக்கு," என்றார்.

"பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அவள். அந்தக் குரலில் சந்தோஷம் எங்கே இருந்தது என்று அவர் தேடிப் பார்த்தார். எட்டு வருஷமாகத் தைரியம் இல்லாததால் கேட்காமலிருந்தவருக்கு இப்போது சட்டமே துணைக்கு வந்திருந்தது. அவருக்கு அது நிம்மதியாக இல்லை. செட்டு சரியாக உட்காராதபோது நோயாளிகள் சொல்வார்களே, வலி இல்லை ஆனால் எதையும் மெல்ல முடியவில்லை என்று, அப்படி இருந்தது.

இருபதாம் தேதி துணை ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார்.

துணை ஆணையரின் அறையில் ஒரு பெரிய மேசை, அதைவிடப் பெரிய நாற்காலி, மூன்று பக்கமும் கோப்பு. பல்செட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் மனிதரைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். தொழில் பழக்கம். மேல் செட்டு தளர்ந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் டக்கென்று இறங்கி, டக்கென்று ஏறிக்கொண்டது.

"உட்காருங்க. உங்களைப் பத்தித்தான் நாலு மாடியிலும் பேச்சு," டக், "கேட்காத மனுஷன்னு ஒருத்தர் உண்டுன்னு சட்டத்துல எழுதி வெச்சிருக்கோம். பார்த்தது இப்பத்தான். இந்த நாடு எதனால இப்படி ஆச்சு தெரியுமா?"

"தெரியலீங்க."

"கேட்டுக் கேட்டுத்தான். ரோடு கேட்கிறான். தண்ணி கேட்கிறான். ரெண்டும் குடுத்தா ரசீது கேட்கிறான். போன வாரம் ஒருத்தன் வந்து என்கிட்டயே 'ஏன்'னு கேட்கிறான்," டக். "நான் சர்வீஸ்ல சேர்ந்து முப்பது வருஷம். யார்கிட்டயும் எதையும் கேட்டதில்லை. ஒருநாள் காலைல வாசல்ல கார் நின்னுது. கேட்டேனா? இல்லை. என் பையனுக்குக் காலேஜ்ல இடம் வந்துது. கேட்டேனா? இல்லை. போன வருஷம் வீட்டுக்கு மேல ஒரு மாடி வந்துது. நான் தூங்கி எழுந்து பார்க்கிறேன், இருக்கு. எல்லாம் கேட்காம வந்தது. அதனால எதுக்கும் வரி இல்லை. சட்டத்தை மதிச்சு வாழ்ந்தா இப்படி வாழலாம்."

"நல்லதுங்க."

"நீங்க பல்செட்டு கட்டுறவர்னு கோப்புல பார்த்தேன்," டக். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் செட்டு ஆறு மாசமா ஆடுது. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன். நான் கேட்கலை."

பல்செட்டுக்காரர் இந்த அலுவலகத்துக்கு இப்போது பழகியிருந்தார். மறுநாள் புது செட்டுக்கு அச்சு எடுக்கப் பசைப் பொடியும் கிண்ணமும் அச்சுத் தட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். துணை ஆணையரின் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டி, பழைய செட்டைக் கழற்றி மேசைமேல் இருந்த தேசப்படம் போட்ட பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பசையைக் குழைத்துத் தட்டில் நிரப்பி அவர் வாயில் ஏற்றினார்.

"அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது. இறுகற வரைக்கும் அசையக்கூடாது. வேணும்னா தலையை மட்டும் ஆட்டலாம். மேலும் கீழும் மட்டும். பக்கவாட்டுல ஆட்டினா அச்சு கெட்டுடும்."

அந்த நேரம் பார்த்துத் தலைமை எழுத்தர் ஒரு கோப்போடு உள்ளே வந்தார். "சார், பதினாறு வருஷப் பழைய கோப்பு. அந்த விதவையம்மாவோட தையல் மெஷின். விடுவிச்சுடலாமா?"

துணை ஆணையர் 'ம்' என்றார். தலையைப் பக்கவாட்டில் ஆட்ட முடியாது. மேலும் கீழும் ஆட்டினார்.

தலைமை எழுத்தர் நம்ப முடியாமல் நின்றார். பிறகு வெளியே ஓடினார். அடுத்த அரை நிமிஷத்தில் நாலு மாடியும் அந்த அறை வாசலுக்கு வந்துவிட்டது. கோப்பைத் தூக்கிக் காட்டுவார்கள், விடுவிச்சுடலாமா என்பார்கள், தலை மேலும் கீழும் ஆடும், முத்திரை விழும். ஏழு வருஷமாகப் பூட்டியிருந்த சக்கர நாற்காலி ஒன்று விடுதலையானது. அண்ணன் ஆசைப்பட்டு அனுப்பின போன் விடுதலையானது. பெரியப்பாவின் வீடுகூட, அவருடைய கடிதம் இல்லாமலே, வாரிசிடம் போய்ச் சேர்ந்தது. துணை ஆணையரின் கண்ணில் நீர் வழிந்தது. பசை தொண்டைக்குப் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் அந்தத் துறை, அது தொடங்கின நாளிலிருந்து செய்த வேலையைவிட அதிகமாகச் செய்தது.

பல்செட்டுக்காரரின் கோப்பு மேசையின் ஓரத்திலேயே இருந்தது. கை நீட்டினால் எட்டும். "இதையும் காட்டிடுங்களேன்" என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்காக ஒதுங்கி வழிவிட்டார். பசை இறுகிவிட்டது. தட்டை எடுத்தார். அச்சு அருமையாக விழுந்திருந்தது.

துணை ஆணையர் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சு வாங்கினார். பல் இல்லாத வாயால் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு மேசை ஓரத்துக் கோப்பைப் பார்த்து, "இவரோடது மட்டும் முறைப்படி நடக்கட்டும்," என்றார். "இது முன்மாதிரி வழக்கு. அனுப்பினவங்களையும் விசாரிச்சுத்தான் முடிக்கணும். இருபத்தெட்டாம் தேதி காணொளி விசாரணை."

அறையை விட்டு வெளியே வந்தபோது தலைமை எழுத்தர் அவர் தோளைத் தட்டினார். "என்ன சார் நீங்க, உங்க கோப்பை நீட்டியிருக்கலாமே?"

"யாராவது எடுப்பாங்கன்னு நெனச்சேன்."

தலைமை எழுத்தர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதே பார்வையைப் பல்செட்டுக்காரர் முன்பு ஒரு தடவை விமான நிலையத்தில் பார்த்திருக்கிறார்.

இருபத்தெட்டாம் தேதி காலை விசாரணை அறையில் நாற்காலி போதவில்லை. ஊழியர்கள் சுவரோரம் நின்றார்கள். மேசைமேல் பல்செட்டுக்காரருடைய புகைப்படம், மரச் சட்டம் போட்டுத் தயாராக இருந்தது. அதன் கீழே 'கேட்காதவர்' என்று எழுதியிருந்தது. மாலையில் அதை வரவேற்பறையில் மாட்டப் போகிறார்களாம். துணை ஆணையருக்குப் புது செட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டக் இல்லை. பேச்சு முன்பைவிட நீளமாக வந்தது.

சுவரில் இருந்த திரை இரண்டு தடவை கறுத்து, பிறகு வெளிச்சமானது. மனைவி தெரிந்தாள். நர்ஸ் உடுப்பு. பின்னால் வெள்ளை நடைபாதை, ஒரு காலிச் சக்கர நாற்காலி. முன்னந்தலையில் நரை அவர் நினைத்ததைவிட அதிகம். கையில் ஒரு பேனா இருந்தது. எதிரே ஏதோ காகிதம்.

"அம்மா, வணக்கம். அஞ்சு நிமிஷம்தான்," என்றார் துணை ஆணையர்.

"எனக்கும் அஞ்சு நிமிஷம்தான் சார். இங்க ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

"இந்தப் பெட்டியை நீங்களா அனுப்பினீங்களா, இவர் கேட்டு அனுப்பினீங்களா?"

"நானாத்தான் அனுப்பினேன்."

"இவர் ஏதாவது குறிப்பு, ஜாடை?"

"ஜாடையா?" அவள் சிரித்தாள். அதில் சிரிப்பு கொஞ்சம்தான் இருந்தது. "சார், அவருக்கு ஜாடை காட்டத் தெரியாது. காட்டினாலும் புரியாது. ஒரு பெட்டி நிறைய ஜாடை அனுப்பினேன். பத்திரமா இருக்குன்னார்."

சுவரோரம் நின்றவர்களில் யாரோ 'அடப் பாவமே' என்றார்கள். கிடங்கு மேற்பார்வையாளராக இருக்கும்.

துணை ஆணையருக்கு அது கோப்புக்குத் தேவையில்லாத விஷயமாகப் பட்டது. "கடைசிக் கேள்வி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த எட்டு வருஷத்துல, ஒரு தடவையாவது, இவர் உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்காரா?"

"ஒரு தடவை கேட்டார்."

தலைமை எழுத்தர் புகைப்படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன கேட்டார்?"

"இஸ்திரிப் பெட்டி எங்கேன்னு கேட்டார். அவ்வளவுதான் சார். அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை." அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எழுதிக்குங்க. என் புருஷன் என்கிட்ட எதையும் கேட்டதே இல்லை. நான் எழுதிக் குடுக்கவும் தயார்."

துணை ஆணையர் மூச்சை விட்டார். கைதட்டல்கூடக் கேட்டது. தலைமை எழுத்தர் புகைப்படத்தை நிமிர்த்தினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு இது பெருமையான நாள்," என்றார் துணை ஆணையர். "சாதாரண மனுஷன் ஆசைப்படறான், கேட்கிறான், வாங்கறான், வரி கட்டறான். இவர் அப்படி இல்லை. பொண்டாட்டிகிட்டயே எதையும் கேட்காத ஒரு குடிமகன் ஒரு துறைக்குக் கிடைக்கிறது சுலபமா? பெட்டி விடுவிக்கப்படுகிறது, வரியில்லாம. ஒரே ஒரு சம்பிரதாயம்." ஒரு தாளைப் பல்செட்டுக்காரர் பக்கம் தள்ளினார். "உறுதிமொழிப் பத்திரம். இனிமேலும், ஆயுசுக்கும், இவங்ககிட்ட எதையும் கேட்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து. மீறினா பழைய பொருள், புதுப் பொருள் எல்லாமே கேட்டு வந்ததா எடுத்துக்குவோம். உங்களுக்கு என்ன கவலை? உங்களுக்கு அது பழக்கம்தானே."

பல்செட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். தாளில் அவர் பெயருக்கு நேராகக் கோடு போட்டிருந்தது. கோடு நீளமாக இருந்தது, ஆயுசு நீளம். திரையில் மனைவியும் குனிந்து பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாரோ அவளை அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். "இதோ, போட்டுடறேன்," என்றாள் அவள், அங்கே.

ஒரே நேரத்தில் இரண்டு பேனா.

அவருக்கு மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஊரில் செட்டு கவ்விப் பிடித்துக்கொண்ட முந்நூறு வாய்க்கு மேல் பிரித்து வைத்திருக்கிறார். அதற்கு ஒரே வழிதான், உள்ளே காற்று விட வேண்டும். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

திரையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியும். காகிதத்துக்கு மேலே பேனா நின்றது.

"என்ன சார், பேனா எழுதலையா?" என்றார் துணை ஆணையர்.

பல்செட்டுக்காரர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அது கரகரவென்று சத்தம் போட்டது.

"ஏம்மா," என்றார், "தலையணை ஏலம் போனாப் போகட்டும். வேற வாங்கிக்கலாம். நானும் கையெழுத்துப் போடலை, நீயும் போடாதே. வந்துடும்மா. உன்னைக் கேட்டுக்கறேன்."